வைகறைப் புளியும் நள்ளிரவு நூடுல்ஸும்: குடித்த பின் உண்ணும் உணவு குறித்து ஜவ்வாது மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

ஜப்பானிய நகரங்களில் இரவு நெடுநேரம் குடித்தவர்கள் வீடு திரும்பும் வழியில் ஒரு சின்னக் கடையில் ஏறி, கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம் ராமென் குடித்துவிட்டுப் போவது பழகிப்போன வழக்கம். இறைச்சி எலும்பு கொதித்த சாறு, கோதுமை நூடுல்ஸ், மேலே இரண்டு துண்டு பன்றி இறைச்சி. அந்த நாட்டின் சமூக வரலாற்றாசிரியர்கள் இந்தக் கிண்ணத்தின் வழியாகவே போருக்குப் பிந்தைய உழைப்பையும் நகர வாழ்வையும் எழுதியிருக்கிறார்கள். ஜார்ஜ் சோல்ட் 2014இல் வெளியிட்ட ராமென் வரலாற்று நூல் அவற்றுள் முக்கியமானது.

தமிழ்நாட்டில் குடியைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். மதுவிலக்கின் அரசியல், டாஸ்மாக் வருவாய், கள்ளச்சாராயச் சாவுகள், சிதைந்த குடும்பங்கள் என்று அந்த எழுத்து விரிகிறது. குடித்தவர் அதன்பின் என்ன சாப்பிட்டார், யார் சமைத்தார், அது அவருக்கு என்ன செய்தது என்பதை அந்த எழுத்து பெரும்பாலும் தொடுவதில்லை. குடி உணவிலிருந்து பிரிக்கப்பட்டு ஒழுக்கப் பிரச்சினையாகவோ வருவாய்ப் பிரச்சினையாகவோ மட்டும் பார்க்கப்படுகிறது. இந்தப் பிரிப்பே நம் குடியை இன்னும் ஆபத்தானதாக ஆக்கியிருக்கிறது என்பது என் வாதம்.

குடித்த பின் உண்ணும் உணவை உடலின் தேவை தீர்மானிக்கிறதா, கைக்குக் கிடைக்கும் தானியமா, கடை திறந்திருக்கும் நேரமா? இந்தக் கேள்விக்கு ஜவ்வாது மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இப்பொருள் பற்றித் தமிழில் கிடைக்கும் பழைய, விரிவான சான்று இந்த மலையடிவாரத்து அரசனைப் பாடிய பாட்டில்தான் இருக்கிறது.

2. மலைபடுகடாம் தரும் சான்று

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பாடியவர் பெருங்கௌசிகனார்; பாடப்பட்டவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பாட்டில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறந்து ஓடும் செய்யாறு; நவிரமலை என்பது அருகிலுள்ள பர்வதமலை என்று அடையாளம் காணப்பட்டிருக்கிறது. செங்கம் ரிஷபேசுவரர் கோயில் கல்வெட்டுச் செய்யுள் ஒன்றும் நன்னனின் மலையை நினைவுகூர்கிறது. எனவே பாட்டின் நிலம் ஜவ்வாது மலைத்தொடரும் அதன் சுற்றமும் என்று கொள்வதில் தடையில்லை.

பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன் இன்னொரு கூத்தர் குழுவுக்கு வழி சொல்கிறான். மலையூர்களில் என்ன கிடைக்கும் என்று அவன் சொல்லும் வரிசையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலில், சிற்றூரை அடைந்ததும், நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு. அடுத்து, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளும் நறவும். பிறகு இரவு கழிகிறது. விடியலில் முந்தைய நாள் குடியின் மயக்கம் இன்னும் தலையில் நிற்கிறது. அந்த மயக்கம் தீரத்தான் அடுத்த உணவு என்று பாட்டு வெளிப்படையாகவே சொல்கிறது. அருவி அடித்துவந்த பலாவின் கொட்டை, கடமான் இறைச்சி, முள்ளம்பன்றியின் கொழுத்த துண்டு, நாய் துரத்திப் பிடித்த உடும்பின் தசை, புளியும் மோரும் கலந்த உலை, அதில் வெந்த மூங்கிலரிசி. குறமகள் ஒருத்தி சமைத்த அந்தச் சோற்றின் மணம் மலைச்சரிவெங்கும் பரவுகிறது. சொந்தப் பிள்ளைகளைப் போகவிடாமல் நிறுத்துவதுபோல் வீடுதோறும் கூத்தரைத் தடுத்து நிறுத்தி உண்ணவைக்கிறார்கள்.

இங்கே மூன்று செய்திகள் இருக்கின்றன. குடிக்கு முன்பே சோறும் கொழுப்பும் வயிற்றுக்குள் போய்விட்டன. மயக்கம் தீர்க்கும் உணவு விடியலில் வருகிறது. அந்த உணவைத் தருவது விருந்தோம்பும் வீட்டின் கடமையாக இருக்கிறது. கள் தந்தவர்களின் பொறுப்பு கள்ளோடு முடியவில்லை.

ஆற்றுப்படை இலக்கியம் புரவலனின் வளத்தைப் புகழ எழுந்தது. ஒவ்வொரு திணைக்கும் அதற்குரிய உணவைப் பட்டியலிடுவது அதன் மரபு. ஆகவே இதை வாழ்க்கைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒருவர் சொல்லலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் வளத்தைப் புகழ விருந்து போதும். தலைபாரத்தோடு விழித்த விருந்தினரைக் காட்டுவதால் புரவலனுக்குப் பெருமை எதுவும் கூடுவதில்லை. புலவர் அதைச் சொல்கிறார் என்றால், விடியல் உணவு என்ற வழக்கம் கேட்பவர்களுக்குத் தெரிந்ததாக இருந்திருக்க வேண்டும். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையிலும் பொருநன் இரவில் தேறல் குடிக்கிறான், உறங்குகிறான், விழித்தபின் இறைச்சியும் சோறும் நாள்கணக்கில் தின்று பல் மழுங்குகிறான். அரண்மனையிலும் அதே வரிசைதான். மலைபடுகடாத்தில் கூடுதலாக இருப்பது புளிப்பும் மோரும்.

இன்னொரு எச்சரிக்கை. பாட்டில் வரும் குறவரும் இன்று ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் ஒரே மக்கள் என்று கொள்ள ஆதாரமில்லை. மலையாளிகளின் வாய்மொழி மரபு தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகவே சொல்கிறது. நான் பேசும் தொடர்ச்சி இரத்தத்தின் தொடர்ச்சி அல்ல, நிலத்தின் தொடர்ச்சி. புளியமரம், பலா, மூங்கில், தேன், சிறுதானியம் எல்லாம் அதே சரிவுகளில் இன்றும் இருக்கின்றன.

3. உடல் கேட்பது

குடித்தவருக்கு ஏன் பசிக்கிறது? மதுவில் கலோரி உண்டு. கணக்குப்படி பசி அடங்க வேண்டும். 2017இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வு எலிகளின் மூளையில் இதற்கு ஒரு விடை கண்டது. பட்டினியின்போது தூண்டப்படும் நரம்பணுக்களை ஆல்கஹாலே தூண்டிவிடுகிறது. வயிறு நிறைந்திருந்தாலும் மூளை பட்டினி என்று எண்ணுகிறது. மனிதருக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நள்ளிரவு பரோட்டாக் கடையின் முன் நிற்கும் கூட்டத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

உப்பும் சாறும் தேடுவதற்குக் காரணம் வேறு. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் சுரப்பை ஆல்கஹால் அடக்குவதால் உடல் நீரை இழக்கிறது. அதோடு, ஆல்கஹாலை எரிக்கும் வேலையில் இருக்கும் கல்லீரலால் புதிதாகக் குளுக்கோஸ் ஆக்க முடிவதில்லை. நாளெல்லாம் சரியாகச் சாப்பிடாமல் வேலை செய்து, வெறும் வயிற்றில் குடிப்பவரிடம் சேமிப்பிலிருந்த சர்க்கரையும் தீர்ந்திருக்கும். அவருக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நம் ஊரில் பெரும் பகுதிக் குடி இந்த வகைதான்.

கடைசியாகச் சாப்பிடும் ஒரு தட்டு போதையைத் தெளியவைக்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம். அதில் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். இரவு 10 மணிக்கு ஒரே மூச்சில் ஒரு குவார்ட்டரை முடித்தவர் உடலில் விடிகாலை 4 மணி வரையாவது ஆல்கஹால் இருக்கும். பரோட்டாவோ ராமெனோ இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. உணவுக்குப் பின் ஆல்கஹால் வெளியேறும் வேகம் ஓரளவு கூடுகிறது என்று 2001இல் ராம்சந்தானியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். அது ஒரு சிறு உதவிதான். குடிக்குப் பிந்தைய தலைவலியும் மயக்கமும் தீர்க்கும் வழிகளைத் தொகுத்து ஆராய்ந்த 2005ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் கட்டுரை, எதற்கும் உறுதியான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

உறுதியான சான்று இருப்பது வேறு இடத்தில்: குடிக்கு முன்னும் குடியோடும் உண்ணும் உணவு. வயிற்றில் சோறும் கொழுப்பும் இருந்தால் மது சிறுகுடலுக்கு மெல்லத்தான் இறங்கும். இரத்தத்தில் அதன் உச்ச அளவு குறையும். மலைபடுகடாத்தின் தினைச்சோறும் நெய்யிறைச்சியும் கள்ளுக்கு முன்னால் வருவதை இந்த வெளிச்சத்தில் படிக்கும்போது, அந்த வரிசைக்குப் பின்னால் தலைமுறைகளின் பட்டறிவு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. விடியல் உணவின் புளியும் மோரும் மயக்கத்தை முறிப்பதில்லை. இழந்த நீரை மீட்கின்றன, மூங்கிலரிசி சர்க்கரையை மீட்கிறது.

4. கோதுமை வந்த வழி

ராமெனும் பரோட்டாவும் ஒரே வரலாற்றின் இரு கிளைகள். டோக்கியோ அசாகுசாவில் 1910இல் திறக்கப்பட்ட ராய்ராய்கென் கடை, யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை அழைத்துவந்து அந்த நூடுல்ஸைப் பரப்பியது. ஆனால் அரிசி உண்ணும் ஒரு நாடு முழுவதையும் கோதுமை பிடித்தது போருக்குப் பிறகுதான். தோற்ற ஜப்பானில் அரிசி இல்லை. அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. கள்ளச்சந்தைத் தெருக்களில் தள்ளுவண்டி நூடுல்ஸ் பெருகியது. மோமோஃபுகு ஆண்டோ 1958இல் உடனடி ராமெனை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கோதுமையின் மேல் நின்றுதான்.

அதே போரின் மறுபக்கத்தில் சென்னை மாகாணம் இருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வந்தது. 1956 ஆகஸ்டில் இந்தியா கையெழுத்திட்ட பி.எல். 480 ஒப்பந்தம் அமெரிக்கக் கோதுமையை நிலையாகவே கொண்டுவந்து சேர்த்தது. பரோட்டா தமிழ்நாட்டின் இரவு உணவானதற்கு வேறு காரணங்களும் உண்டு; இலங்கை, மலேயா சென்று திரும்பியோரும் முஸ்லிம் உணவகங்களும் அதில் பங்களித்தார்கள். மலிவான மைதா இல்லாமல் இவை எதுவும் இந்த அளவுக்கு நடந்திருக்காது.

பர்மாவிலிருந்து 1960களில் விரட்டப்பட்டுத் திரும்பிய தமிழர்கள் இன்னொரு நூடுல்ஸையும் கொண்டுவந்தார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே மாலையில் விற்கும் அத்தோ அது. நூடுல்ஸோடு கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சூடான வாழைத்தண்டுச் சாறு. தமிழ்நாட்டில் ராமெனுக்கு மிக நெருக்கமான உணவு எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மலைபடுகடாத்தின் புளிப்பு கடல் கடந்த ஒரு நூடுல்ஸில் வந்து சேர்ந்திருப்பது தற்செயல்தான். ஆனால் அந்தப் புளிப்பை நாக்கு இங்கே உடனே ஏற்றுக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது.

5. பத்து மணி

1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, மீண்டும் இறுகி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 2016 மே மாதம் முதல் கடை நேரம் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை என்றானது. வீடு கெடாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் இந்த நேரக் குறைப்புக்குப் பின்னால் உண்டு. விளைவு கலவையானது. கடை மூடும் நேரம் நெருங்க, கூலி வேலை முடித்து வருபவர் அவசர அவசரமாகக் குடிக்கிறார்.

டாஸ்மாக்கை ஒட்டிய பார்களுக்கான ஒப்பந்தப்புள்ளியைப் படித்தால் வியப்பாக இருக்கும். அரசு ஏலம் விடுவது தின்பண்டம் விற்கும் உரிமையையும் காலி பாட்டில் சேகரிக்கும் உரிமையையும். குடியோடு உணவும் உண்டு என்பதை அரசு ஒப்புக்கொள்ளும் ஓர் இடம் இது. அந்த உணவு பாட்டில் பொறுக்குவதோடு ஒரே வரியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நடைமுறையில் கிடைப்பது சுண்டல், அவித்த முட்டை, மாங்காய்க் கீற்று, மிளகாய் போட்டு வறுத்த குடல். இவற்றுக்குச் சைடிஷ் என்று பெயர். பெயருக்கேற்ப அவை குடியின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. வயிறு நிறையும் சோறு அங்கே இல்லை.

சோறு வெளியே இருக்கிறது. பார் வாசலிலிருந்து சில அடி தள்ளி ஒரு தள்ளுவண்டி. ஃபாஸ்ட் ஃபுட் என்று சிவப்பு எழுத்து, எரிவாயு அடுப்பின் இரைச்சல், கறுத்த இரும்புச் சட்டி. முட்டையை உடைத்துக் கலக்கி, வேகவைத்து எண்ணெய் தடவி வைத்த நூடுல்ஸை அள்ளிப் போட்டு, சோயா சாஸ், மிளகுத்தூள், அஜினோமோட்டோ தூவி, இரண்டே நிமிடத்தில் தட்டில் கவிழ்ப்பார் மாஸ்டர். பக்கத்துப் பரோட்டாக் கடையில் கல்லின்மேல் இரண்டு இரும்புத் தகடுகள் தாளம் போட, சால்னா ஊற்றிய கொத்து பரோட்டா தயாராகிறது. பார்சல் கேட்டால் வாழையிலையும் செய்தித்தாளும். சால்னா பிளாஸ்டிக் பையில், நூல் சுற்றி இறுக்கிக் கட்டியது. ராமென் கடை செய்யும் வேலையை இவை செய்கின்றன, ஆனால் உட்கார இடமில்லாமல், காவல்துறை வண்டி வந்தால் அடுப்பை அணைக்க வேண்டிய பதற்றத்தோடு. 2019இல் தமிழக அரசு 24 மணி நேரமும் கடை திறக்க அளித்த அனுமதி 10 அல்லது அதற்கு மேல் பணியாளர் உள்ள நிறுவனங்களுக்குத்தான். தள்ளுவண்டிக்காரர் அதில் வரமாட்டார்.

6. மலைமேல் இன்று

சமவெளியைப் பற்றிச் சொன்ன இதெல்லாம் போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் வழிகளில் மலையேறி ஜமுனாமரத்தூர் வரை வந்திருக்கிறது. கோடை விழாவுக்கும் பீமன் அருவிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வருபவர்களுக்காக மட்டும் வந்ததல்ல அது. மலைமக்களின் சொந்தத் தட்டும் மாறிவிட்டது. சாமைதான் இந்த மலையின் முதன்மைத் தானியம். ஆனால் சாமையை உரலில் குத்திப் புடைத்து உமி நீக்குவது பெண்களின் முதுகை உடைத்த வேலை. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011இல் விலையில்லாமலும் கிடைத்தபோது அந்த உழைப்பிலிருந்து பெண்கள் விலகியதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சிறுதானியத்தின் புகழ் பாடுபவர்கள் இந்த முதுகுவலியை மறந்துவிடுகிறார்கள்.

கூழ் இன்னும் இருக்கிறது. கேழ்வரகு மாவை முந்தைய நாளே கரைத்துப் புளிக்கவைத்து, சாமை நொய்யோ அரிசி நொய்யோ வெந்த உலையில் ஊற்றிக் கிளறி, ஆறவைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொள்ள வைப்பார்கள். நீர், உப்பு, புளிப்பு, மெல்லச் செரிக்கும் மாவு என்று விடியலில் உடல் கேட்பதெல்லாம் அதில் உண்டு. மலைபடுகடாத்து உலையின் எளிய வடிவம் என்று இதைச் சொல்லலாம். கடமானும் உடும்பும் இன்று சட்டப்படி தொடக்கூடாதவை, மூங்கிலரிசியோ மூங்கில் பூக்கும் அரிய ஆண்டுகளில் மட்டும் கிடைப்பது.

இரண்டையும் ஒப்பிட்டால் நூடுல்ஸ் தட்டு தோற்கும் என்று அவசரமாகச் சொல்லிவிட வேண்டாம். உப்பு அதிகம் என்பது உண்மை. ராமெனின் சாறு முழுவதையும் குடித்தால் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வகுத்த 5 கிராம் உப்பு அந்த ஒரு கிண்ணத்திலேயே வந்துவிடும். ராமென் கடைகள் மிகுந்த மாவட்டங்களில் பக்கவாதச் சாவு கூடுதல் என்று 2019இல் ஒரு ஜப்பானிய ஆய்வு கண்டது. கடைகளையும் சாவுகளையும் மாவட்டவாரியாக ஒப்பிட்ட ஆய்வு அது, தனிமனிதரைப் பற்றி அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது. நள்ளிரவில் வெறும் வயிற்றோடு படுக்கப்போகும் குடிகாரருக்கு அந்த முட்டை நூடுல்ஸ் சர்க்கரை இறங்காமல் காக்கும். கெடுதலும் காப்பும் ஒரே தட்டில் இருக்கின்றன.

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். பெண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. மலைபடுகடாத்தில் சமைத்தவள் குறமகள். இன்று கூழ் கரைப்பவளும் பெண்தான். விருந்தினருக்கு விருப்பத்தோடு செய்த உபசரிப்பு, தினமும் குடித்துவரும் கணவனுக்குச் செய்யும் கட்டாயமாகும்போது பொருளே வேறு. பழைய பாட்டின் விருந்தோம்பலை இன்றைக்கு மீட்க வேண்டும் என்று பேசுபவர், அந்த வேலையை மறுபடி அவள் தலையில் வைக்கிறோமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பு, கள் தந்த பழைய ஊரைப் போலவே, மது விற்பவரிடம் இருக்க வேண்டும். பார் உரிமத்தில் தின்பண்டம் என்று இருக்கும் இடத்தில் சோறும் மோரும் தண்ணீரும் கட்டாயம் என்று எழுதுவது நிர்வாகத்துக்குக் கடினமான காரியமல்ல.

7. உணவு உதவாத இடம்

இந்தப் பட்டறிவுக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது மலைப்பகுதிகளில் உயிருக்கே ஆபத்து. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் ஓடைக்கரைகளில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறவைத்துச் சாராயம் காய்ச்சுவது நெடுங்காலப் பழக்கம். அந்தப் பட்டைச் சாராயத்தின் மயக்கத்துக்கு மோரும் புளிக்கரைசலும் கொடுத்துப் படுக்கவைப்பது வீட்டு வைத்தியம். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மக்கள் குடித்தது வேறு. அதில் மெத்தனால் இருந்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாற மணிக்கணக்கில் ஆகும். முதலில் சாதாரணப் போதையைப் போலவே இருக்கும். அதன்பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சிரைப்பு. இந்த அறிகுறிகளை முந்தைய நாள் மயக்கம் என்று எண்ணி மோர் கொடுத்துத் தூங்கவைத்தால், மருத்துவம் காப்பாற்றக்கூடிய மணிநேரங்கள் வீட்டிலேயே போய்விடும். கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்ன உடனே கூழ்ப்பானையை விட்டுவிட்டு 108க்கு அழைக்க வேண்டும். வண்டி மலையேறி வரும்வரை காத்திராமல், கிடைக்கும் வாகனத்தில் எதிரே இறங்கத் தொடங்க வேண்டும். அவரோடு அதே சாராயத்தைக் குடித்த மற்றவர்களையும், அவர்களிடம் இன்னும் அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும், அதே வண்டியில் ஏற்ற வேண்டும்.